கிரேக்கப் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க சினிமா என்றதும் பலருக்கும் கடற்கரையில் கைகளை விரித்து ஆடும் ஆந்தனி குயின்தான் நினைவுக்கு வருவார். 'சோர்பா த கிரீக்' (1964) நல்ல படம்தான், ஆனால் கிரேக்க சினிமா என்றால் இதுதான் என்று நினைத்துவிடக் கூடாது. படத்தில் பேசுவது ஆங்கிலம், குயின் பிறந்தது மெக்சிகோவில். இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு ஆடிக்காட்டும் சிர்தாக்கி நடனமே அந்தப் படத்துக்காக உருவானது. அதே இயக்குநர் கக்கோயானிஸ் கிரேக்க மொழியில் எடுத்த 'ஸ்டெல்லா'வை (1955) முதலில் பாருங்கள். கல்யாணத்துக்குக் கட்டுப்பட மறுக்கும் பாடகி மெலினா மெர்க்கூரி, கத்தியோடு நிற்கும் காதலனை நோக்கித் தானாகவே நடந்து போவார். சோர்பாவின் ஆட்டத்தைவிட அந்த நடை எனக்குப் பெரிது.

அடுத்தது, இயக்குநர் தியோ ஆஞ்சலோபுலோஸ். பெரிய பெயராயிற்றே என்று நேராக 'த டிராவலிங் பிளேயர்ஸ்' (1975) படத்தில் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் எழுந்து போனவர்கள் நிறையப் பேர். ஏறக்குறைய நான்கு மணி நேரப் படம் அது. நீளம்கூடப் பரவாயில்லை, கிரேக்க வரலாறு தெரியாமல் பார்ப்பதுதான் சிக்கல். 1936இல் மெத்தாக்சாஸ் சர்வாதிகாரம், 1940இல் இத்தாலியப் படையெடுப்பு, 1941இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பு, 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர், 1952இல் வலதுசாரித் தலைவர் பாபாகோஸின் தேர்தல் வெற்றி. இவ்வளவு தெரிந்தால் போதும். ஏனென்றால் ஆண்டு மாறுவதை ஆஞ்சலோபுலோஸ் எழுத்தில் போட்டுக் காட்டமாட்டார். 1946 புத்தாண்டு நடனத்திலிருந்து வலதுசாரிக் கும்பல் ஒன்று பாடிக்கொண்டே தெருவில் இறங்கும். கேமரா வெட்டாமல் பின்தொடரும். தெருமுனையை அடையும்போது அது 1952 தேர்தல் கூட்டம்! இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அவ்வளவு பொறுமை இல்லையா? 'எட்டர்னிட்டி அண்ட் எ டே' (1998) படத்தில் தொடங்கலாம். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்கப் பனையை வென்ற படம்.

இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸை அவரது ஆங்கிலப் படமான 'புவர் திங்ஸ்' வழியாக மட்டும் அறிந்தவர்கள், அவர் கிரேக்க மொழியில் எடுத்த 'டாக்டூத்' படத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். வேலிக்குள் அடைத்து வளர்க்கப்படும் பிள்ளைகளுக்குப் பெற்றோர், கடல் என்றால் ஒருவகை நாற்காலி என்று சொல்லிக் கொடுக்கும் வீடு அது. கிரேக்கக் கடன் நெருக்கடியின் விளைவு என்று இதை விளக்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் படம் கானில் திரையிடப்பட்டது 2009 மே மாதம். நெருக்கடி வெடித்தது அந்த ஆண்டின் கடைசியில்தான்.

விழாக்களில் பரிசு வாங்கிய படங்களோடு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். 1943இல், ஆக்கிரமிப்புக் காலத்தில், தொடங்கிய ஃபினோஸ் ஃபிலிம் நிறுவனத்தின் நகைச்சுவைப் படங்களையும் குடும்பக் கதைகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் கிரேக்கர்கள். 1960களில் அங்கே ஓர் ஆண்டில் நூறு படங்களுக்கு மேல்கூட வந்திருக்கின்றன. நகைச்சுவை நடிகர் தனாசிஸ் வெங்கோஸ் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு படத்தையாவது பார்த்துவிடுங்கள்.

அப்புறம், 'ஓ த்ராகோஸ்' (1956). நிகோஸ் கூந்துரோஸ் இயக்கியது. நகைச்சுவை நடிகர் தினோஸ் இலியோபுலோஸ் இதில் தனிமையில் வாடும் குமாஸ்தா. புத்தாண்டுக்கு முந்தைய இரவில், போலீஸ் தேடும் குற்றவாளி என்று ஊர் அவரைத் தவறாக எண்ணிவிடுகிறது. வாழ்க்கையில் முதன்முறையாக மரியாதை கிடைப்பதால் அவரும் மறுப்பதில்லை. வந்தபோது படம் ஓடவில்லை. இன்று கிரேக்க விமர்சகர்களின் சிறந்த படப் பட்டியல்களில் இது முன்வரிசையில் இருக்கிறது.