ஆம்ப்ளிஃபையர் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் எடுக்கும்போது பண்ற தப்புங்க

ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு பெருக்குதுன்னு பாக்குறதுதான் ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ். சிக்னல் ஜெனரேட்டர்ல ஒரு தடவ 10 மில்லிவோல்ட் செட் பண்ணிட்டு, அப்புறம் ஃப்ரீக்வென்சிய மட்டும் மாத்திக்கிட்டே அவுட்புட் வோல்டேஜ எழுதிட்டுப் போயிடறாங்க, நான் அடிக்கடி பாக்குற தப்பு இதுதான். ஃப்ரீக்வென்சி மாறினா ஆம்ப்ளிஃபையரோட இன்புட் இம்பீடன்ஸும் (உள்ள வர்ற சிக்னலுக்கு அது காட்டுற எதிர்ப்பு) மாறும், அதனால உள்ள போற சிக்னலே அந்த 10 மில்லிவோல்ட்ல நிக்காது. ஆசிலோஸ்கோப்போட ரெண்டாவது சேனல இன்புட்லயே மாட்டி வச்சிடுங்க, ஒவ்வொரு தடவயும் பாத்து சரி பண்ணுங்க.

நம்பர மட்டும் பாக்காதீங்க, அலையோட வடிவத்தையும் பாருங்க. இன்புட் அதிகமாப் போய் அலையோட தலை மொட்டையாகிடுச்சுன்னா, கெயின் (பெருக்குற அளவு) குறைஞ்சா கூட அவுட்புட் அதே அளவுல நிக்கிற மாதிரி தெரியும், கிராஃப் தட்டையா அழகா வரும், ஆனா அதுல வர்ற பேண்ட்விட்த் (ஆம்ப்ளிஃபையர் நல்லா பெருக்குற ஃப்ரீக்வென்சி எல்லை) பொய். 741 மாதிரி ஆப்-ஆம்ப் ஐசில இன்னொரு தொல்லை, ஸ்லூ ரேட், அதாவது அவுட்புட் எவ்வளவு வேகமா மாற முடியும்ங்குறது. அதுக்கு மைக்ரோசெகண்டுக்கு சுமார் 0.5 வோல்ட்தான், அதனால 10 வோல்ட் பீக் அவுட்புட் எடுத்தா 8 கிலோஹெர்ட்ஸ் தாண்டினதும் சைன் அலை முக்கோணமாகி சுருங்க ஆரம்பிச்சிடும். கெயின் 10 வச்சிருந்தா உண்மையான பேண்ட்விட்த் 100 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், அவுட்புட்ட அரை வோல்ட் பீக்குக்கு கொண்டு வந்து அளந்து பாருங்க, அப்பதான் அது தெரியும்.

டிரான்சிஸ்டர் சர்க்யூட்ல கீழ் ஃப்ரீக்வென்சி பத்தி பேசியே ஆகணும், நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க. எமிட்டர்ல 1 கிலோஓம், அதுக்கு இணையா மாட்டுற பைபாஸ் கெப்பாசிட்டர் 100 மைக்ரோஃபாரட், ரெண்டையும் 1/(2πRC) ஃபார்முலால போட்டா 1.6 ஹெர்ட்ஸ் வருது, ஆனா அளந்தா 60 ஹெர்ட்ஸ் பக்கத்துலயே அவுட்புட் விழுந்திடுது, உடனே கெப்பாசிட்டர் கெட்டுப்போச்சுன்னு கழட்டிடறாங்க. கெப்பாசிட்டர் நல்லாத்தான் இருக்கு. அது பாக்குறது அந்த 1 கிலோஓம இல்ல, டிரான்சிஸ்டருக்கு உள்ள இருக்குற சின்ன எமிட்டர் ரெசிஸ்டன்ஸ, 1 மில்லிஆம்ப் கரண்ட்ல அது வெறும் 26 ஓம்தான். அதப் போட்டுப் பாருங்க, 61 ஹெர்ட்ஸ் வரும். அதனால சிக்னல உள்ள, வெளிய கடத்துற கப்ளிங் கெப்பாசிட்டர எவ்வளவு பெருசாக்கினாலும் கீழ் ஃப்ரீக்வென்சி அவுட்புட் ஏறாது, பைபாஸ பெருசாக்கணும்.

மேல் ஃப்ரீக்வென்சி பக்கத்துல பல நேரம் குற்றவாளி ஸ்கோப்போட ப்ரோப்தான். அதுல இருக்குற ஸ்விட்ச் 1எக்ஸ்ல இருந்தா கேபிளோட சேர்த்து சுமார் 100 பிகோஃபாரட் லோடு ஏறும், கலெக்டர்ல 10 கிலோஓம் இருந்தா அதுவே 160 கிலோஹெர்ட்ஸ்ல வெட்டிடும். 10எக்ஸ்ல போடுங்க. சாதா மல்டிமீட்டர்ல ஏசி ரேஞ்சு வச்சு இந்த வேலைய பண்ணவே வேணாம், பலதும் 1 கிலோஹெர்ட்ஸ் தாண்டினாலே தப்பா காட்டும்.

பாயிண்ட் எடுக்கும்போது 1, 2, 3 கிலோஹெர்ட்ஸ்னு சம இடைவெளில போகாம 10, 20, 50, 100, 200, 500னு போங்க, செமிலாக் ஷீட்ல (ஃப்ரீக்வென்சி பக்கம் பத்து பத்து மடங்கா போற கிராஃப் தாள்) இடம் காலியா நிக்காது. பேண்ட்விட்த்தோட எல்லையான கட்-ஆஃப்னா வோல்டேஜ் பாதியாகுற இடம்னு நினைக்காதீங்க, பாதியாகுறது பவர். வோல்டேஜ் 0.707 மடங்கு. நடுவுல அவுட்புட் 3 வோல்ட்னா, இன்புட்ட மாறாம வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் 2.12 வோல்ட் வர்ற வரைக்கும் ஃப்ரீக்வென்சிய நகத்துங்க, அங்க காட்டுற ரெண்டு ஃப்ரீக்வென்சியையும் முதல்ல குறிச்சு வச்சிட்டு அப்புறம் கிராஃப் போடுங்க.