‘அவனுகளுக்கு நல்லா வேணும்’ என்று குழுவில் வந்தால் எப்படிப் பதில் சொல்வது

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய அன்றைக்கு நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் படகைக் கரையேற்றியாச்சா, மாத்திரை வாங்கி வைத்தாச்சா என்றுதான் பேச்சு ஓடும். புயல் இலங்கைப் பக்கம் திரும்பியதும் ஒருத்தர் போடுவார்: “சிங்களவனுக்கு நல்லா வேணும், கடலம்மா கணக்கைத் தீர்த்துட்டா.” கீழே நாலு சிரிப்பு பொம்மை.

இதற்குப் பதில் எழுதும்போது நம் மீனவர்களைப் பிடிக்கிற இலங்கை நேவியைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். பிடிபட்ட படகும் உண்மை, சிறையில் கிடந்த பையனும் உண்மை, அதில் கை வைத்தால் தோற்றுப்போவீர்கள். “நேவிக்காரன் மேல எனக்கும் கோபம்தான், இப்ப வெள்ளத்துல போனது அவனில்லையே” என்று மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் ரயிலைச் சொல்லுங்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோனது, அதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் கொழும்பிலிருந்து தெற்கே போன ரயில் பெரலிய என்ற ஊரில் நின்றிருந்தது. முதல் அலைக்குப் பயந்த ஊர்ச்சனம், ரயில்தானே கனமானது என்று பெட்டிக்குள் பிள்ளைகளை ஏற்றிவிட்டார்கள். அடுத்த அலை அவ்வளவையும் புரட்டிப் போட்டதில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அதே சுனாமியில் நம் பாம்பன் கரை பெரும்பாலும் தப்பியதற்கு, இலங்கைத் தீவு குறுக்கே கிடந்ததுதான் காரணம்.

“முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் செத்தது நம்ம சனம்தானே” என்பதை முதலில் எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், அப்போ சிங்களவன் செத்தால் பரவாயில்லையா என்று என் தங்கச்சி கேட்டாள். பதில் இல்லை.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2011-இல் ஜப்பானில் சுனாமி அடித்தபோது அமெரிக்கர்கள் சிலர், தங்கள் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டதற்கு இதுதான் பதில் என்று எழுதினார்கள். அது நடந்தது 1941-இல்!

படம் ஏதாவது வந்தால் அதன் கீழே எழுதியிருக்கிற வினைச்சொல்லைப் பாருங்கள். 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது, மார்பளவு தண்ணீரில் சாமானோடு வந்த கறுப்பினப் பையன் கடையைக் ‘கொள்ளையடித்தான்’, அதே மாதிரி வந்த வெள்ளையர் இருவருக்கு ரொட்டி ‘கிடைத்தது’. இரண்டு செய்தி நிறுவனங்களின் படக்குறிப்பு அப்படி. புயல் பாதுகாப்பு மையத்தில் நம் வீட்டுக்காரர் இரண்டாவது போர்வை கேட்டால் தேவை, மண்டபம் அகதி முகாமில் இருக்கிற இலங்கைத் தமிழர் கேட்டால் பேராசை என்று நாமும்தான் பேசுகிறோம்.

சரி, போட்டவர் முறைக்குப் பெரியவர் என்றால் குழுவில் வைத்துத் திருத்த வேண்டாம், தனியாகப் போன் போடுங்கள். எங்கள் சித்தப்பாவும் சிரிப்பு பொம்மை போட்ட நாலு பேரில் ஒருத்தர். போனில் அந்த ரயிலைச் சொன்னேன். “உங்க அப்பத்தா கூடப் பொறந்தவரும் அந்தத் தனுஷ்கோடி ரயில்லதான் போனாரு” என்றார், வேறொன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால் பொம்மை மூன்றுதான் இருந்தது.