உள்ளங்கைக்குள் ஒரு பறவை: பரிசாகக் கொடுக்க முதல் மரச்சிற்பம்

அத்தைக்கு நான் செதுக்கிக் கொடுத்த முதல் பறவை அவர் கைக்குள் அடங்கவில்லை. மூட்டுவலியால் அவருக்கு விரல்கள் முழுதாக மடங்காது. அது தெரிந்தும், என் உள்ளங்கையை வைத்தே அளவு பார்த்திருந்தேன். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்தார். அன்றிரவே அதைத் திரும்ப வாங்கிவந்து, இரண்டு விலாவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி மெலியவைத்தேன். மறுபடி கொடுத்தபோது விரல்கள் அதன்மேல் தானாகப் படிந்தன. பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருக்க, கட்டைவிரல் மட்டும் பறவையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் முதல் வேலை மரம் வாங்குவது அல்ல. யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். அவர் கை பெரியதா சிறியதா, எதையாவது பிடித்துக்கொண்டே பேசுகிறவரா என்று கவனியுங்கள். இந்தப் பறவைக்குக் கால் இல்லை, கண் இல்லை, இறகு இல்லை. கைக்குள் வைத்துக்கொள்ள ஓர் உருவம், அவ்வளவுதான். கத்தியை முதன்முதலாகப் பிடிப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம்.

மரம்

மென்மையாகவும் நார் நேராகவும் ஓடும் மரம் வேண்டும். செதுக்குபவர்கள் அதிகம் தேடுவது பாஸ்வுட். ஐரோப்பாவில் அதன் உறவுமரத்தை லைம் என்பார்கள். எலுமிச்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மரச்சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸ் தன் பூக்கொத்துகளை அந்த மரத்தில்தான் செதுக்கினார். நம் பெயர்களில் சொன்னால் குமிழ், வெட்பாலை இரண்டும் கத்திக்கு நன்றாக இணங்கும். வைரம் பாய்ந்த மரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். கணு உள்ள துண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

மரம் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. மரத்தின் மையம் நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும். வெடிப்பு அதனால்தான் வருகிறது. வாரம் ஒருமுறை துண்டை எடைபோட்டுக் குறித்து வையுங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று பொருள்.

9 செ.மீ நீளம், 4.5 செ.மீ அகலம், 5 செ.மீ உயரம் போதும். சின்னக் கை என்றால் நீளத்தை 7.5 ஆக்கி, மற்றதையும் அதே கணக்கில் குறையுங்கள். நார் அலகிலிருந்து வால் நோக்கி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் அலகும் வாலும் ஒரு தட்டில் உடைந்துவிடும்.

கத்தி

ஒரே கத்தி போதும். கத்தியின் அலகு 4 செ.மீ நீளம், கைப்பிடி உள்ளங்கை நிறைய இருக்கட்டும். கூர் குறைந்த கத்திதான் அதிகம் காயப்படுத்தும், ஏனென்றால் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. தவறினால் அத்தனை விசையோடும் பாயும். ஒரு பலகைத் துண்டில் தோல்பட்டையை ஒட்டி, மெருகுப் பசை தடவி, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தியைத் தீட்டுங்கள். கத்தியின் கூரில்லாத முதுகுப் பக்கம் முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். கூரை முன்னால் தள்ளினால் தோல் வெட்டுப்படும். கூர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, மரத்தை நாருக்குக் குறுக்கே ஒரு சீவு சீவுங்கள். வெட்டு பளபளப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைக்கோடு விழுந்தால் கத்தியின் கூரில் அந்த இடத்தில் பல் விழுந்திருக்கிறது.

மரம் பிடிக்கும் கைக்கு வெட்டுத் தாங்கும் கையுறை, கத்தி பிடிக்கும் கையின் கட்டைவிரலுக்குத் தோல் உறை. தொடைமேல் வைத்துச் செதுக்கவே கூடாது; உள்தொடையில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் முன் ஒரு கேள்வி: கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும்? அங்கே உங்கள் உடம்பு இருந்தால், மரத்தைத் திருப்பிப் பிடியுங்கள்.

உருவம்

அட்டையில் பக்கவாட்டுத் தோற்றத்தை வரைந்து வெட்டுங்கள்: உருண்ட மார்பு, சற்றே தூக்கிய தலை, மெல்லப் படுத்திருக்கும் வால். அதை மரத்தில் வைத்துக் கோடு இழுத்து, இழைவாளால் (வளைவாக அறுக்க உதவும் மெல்லிய வாள்) வெளிப்பகுதியை அறுத்து எடுங்கள். பிறகு மேலிருந்து பார்க்கும் தோற்றம், நடுவில் அலகு முதல் வால் வரை ஒரு நேர்கோடு. செதுக்கச் செதுக்க அந்த நடுக்கோடு அழிந்துபோகும். அழியும்போதெல்லாம் திரும்ப வரைந்துவிடுங்கள். பறவை ஒரு பக்கம் சாய்ந்துபோவது பெரும்பாலும் இந்தக் கோட்டை மறந்ததால்தான்.

செதுக்குதல்

இரண்டு வெட்டு பழகினால் போதும். முதலாவது, கத்தியின் முதுகில் மரம் பிடித்த கையின் கட்டைவிரலை வைத்து வெளிப்பக்கம் தள்ளுவது. கத்தி பிடித்த கை வழிகாட்டும், தள்ளுவது கட்டைவிரல். வெட்டு அரை அங்குலத்துக்குமேல் ஓடாது, அதனால் கட்டுக்குள் இருக்கும். இரண்டாவது தடுப்பு வெட்டு: எந்த இடத்தில் சீவல் நிற்க வேண்டுமோ அங்கே முதலில் நேராகக் கீறி, பிறகு அந்தக் கீறலை நோக்கிச் சீவுவது. அலகின் அடியில் இது உதவும்.

இனி நாரின் பேச்சைக் கேட்க வேண்டும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவினால் கத்தி வழுக்கிக்கொண்டு போகும், சீவல் சுருண்டு விழும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் நார் பிய்ந்து எழும், சிராய் நிற்கும். ஆகவே முதுகின் உச்சியிலிருந்து வால் பக்கம் ஒரு திசை, உச்சியிலிருந்து கழுத்துப் பக்கம் எதிர்த்திசை. கழுத்துப் பள்ளத்தில் தலைப் பக்கமிருந்து ஒன்று, முதுகுப் பக்கமிருந்து ஒன்று, இரண்டும் அடியில் சந்திக்க வேண்டும். சந்திக்கும் இடத்தைத் தாண்டி எந்த வெட்டும் மறுபக்கம் ஏறக்கூடாது. சத்தமும் மாறும்: சரியான திசையில் மெல்லிய உரசல், தவறான திசையில் நறநறவென்ற பிய்ச்சல். நறநற கேட்டவுடன் நிறுத்தி, மரத்தைத் திருப்புங்கள். இது கைக்குப் பிடிபட ஓரிரு மாலைகள் ஆகும். அவசரப்படாதீர்கள், எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

முதலில் நான்கு மூலைகளை மழுக்கி எட்டுப் பக்கமாக்குங்கள், பிறகு அந்த விளிம்புகளையும் சீவி உருட்டுங்கள். நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு கைக்குள் வைத்துப் பாருங்கள். கண் விட்டுவிட்ட மேட்டை உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். அலகைக் கடைசியாகச் செதுக்குங்கள். கூர்மையாக்காமல் மழுங்கலாக விடுங்கள், கையில் குத்தக்கூடாது.

தேய்ப்பும் எண்ணெயும்

முகமூடி போட்டுக்கொண்டு 120, 180, 240, 320 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) உப்புத்தாளால் நார் போகும் திசையில் தேய்க்கவும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார் எழுந்து சொரசொரக்கும். பிறகு 320 போட்டால் மறுபடி எழாது. கத்தித் தடங்களை அப்படியே விட்டுவிடும் பழக்கமும் உண்டு, அதுவும் அழகுதான். ஆனால் கைக்குள் இருக்கப்போகும் பொருளுக்கு வழுவழுப்பே நல்லது.

ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இது காற்றோடு சேர்ந்து இறுகும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் அப்படி இறுகாது, பிசுபிசுத்து நாளடைவில் காறல் வாடை அடிக்கும். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது எண்ணெய் சூடாகும். சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துப் போட்டு வெளியில் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துத் தகர டப்பாவில் மூடி வையுங்கள். எண்ணெய் வாசம் அடங்க ஓரிரு வாரம் ஆகும். அதன்பின் தேன்மெழுகைத் துணியால் தேய்த்தால் முடிந்தது.

கொடுக்கும்போது

அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் ஆண்டும் உங்கள் முதல் எழுத்தும் கீறிவிடுங்கள். பெட்டி, தாள், நாடா எதுவும் வேண்டாம். அவர் உள்ளங்கையை நீட்டச் சொல்லி நேரே வையுங்கள். "இங்கே கொஞ்சம் கோணிவிட்டது" என்று நீங்களாகச் சொல்லத் தொடங்காதீர்கள். அவர் விரல்கள் என்ன செய்கின்றன என்று மட்டும் பாருங்கள். பிடி சரியில்லை என்று தெரிந்தால், தயங்காமல் திரும்பக் கேட்டு வாங்கிச் சீவிக் கொடுங்கள்.

அத்தையின் பறவையை ஆண்டுக்கு ஒருமுறை வாங்கி மெழுகு தேய்க்கிறேன். முதுகில் அவர் கட்டைவிரல் படும் இடம் மட்டும் கருத்துப் பளபளக்கிறது. அங்கே மெழுகு தேவைப்படுவதில்லை.