பட்டம் வேறு, வேலை ஓ.டி.: பிரிட்டனில் முதுகலை வழியாகப் பதிவுபெறுவது எப்படி

உளவியலோ உயிரியலோ சமூகப்பணியோ படித்து முடித்த ஒருவர், மறுபடியும் இளங்கலை முதலாம் ஆண்டில் போய் உட்காராமல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அதாவது நோயாலோ குறைபாட்டாலோ தடுமாறுபவர் அன்றாடக் காரியங்களைத் தானே செய்ய உதவும் சிகிச்சையாளர், ஆக முடியுமா? இந்தியாவில் முடியாது. இத்துறை முதுகலையான எம்.ஓ.டி. சேர, இளங்கலையான பி.ஓ.டி. முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் முடியும். வேறு துறையில் பட்டம் பெற்றவரை இரண்டு ஆண்டில் இந்தத் தொழிலுக்குத் தயார்செய்யும் முதுகலைப் படிப்பு அங்கே உண்டு. ஆனால் கிட்டத்தட்ட அதே பெயரில் வேறு படிப்புகளும் உண்டு. பணமும் காலமும் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

சரியான படிப்பு எது

உங்களுக்கு வேண்டியது 'ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்' எம்எஸ்சி, அதாவது பதிவுக்கு முந்தைய முதுகலை. இதை முடித்தவர் ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சில், சுருக்கமாக ஹெச்சிபிசி, வைத்திருக்கும் பதிவேட்டில் சேர விண்ணப்பிக்கலாம். 'அட்வான்ஸ்டு', 'போஸ்ட்-ரெஜிஸ்ட்ரேஷன்' என்று வருபவை ஏற்கெனவே ஓ.டி.யாக இருப்பவர்கள் மேற்கொண்டு படிப்பவை. அவற்றால் பதிவு கிடைக்காது. 'ரிஹேபிலிடேஷன்' எம்எஸ்சி, 'ஆக்குபேஷனல் ஹெல்த்' எம்எஸ்சி இரண்டும் இன்னும் பெரிய பொறி. பின்னது பணியிட உடல்நலம் பற்றியது, ஓ.டி.க்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பி.ஓ.டி. முடித்தவர்கள் விவரம் தெரியாமல் இந்த இரண்டாண்டுப் படிப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் ஹெச்சிபிசியின் வெளிநாட்டு விண்ணப்ப வழியில் நேரடியாகவே முயலலாம்.

பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஹெச்சிபிசி இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. படிப்பின் முழுப் பெயர், முழுநேரமா பகுதிநேரமா என்பது, சேர்க்கைக் காலம் மூன்றும் உங்கள் சேர்க்கைக் கடிதத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ராயல் காலேஜ் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்ஸின் ஏற்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் வேலை பார்க்க ஹெச்சிபிசி அங்கீகாரம் போதும். ராயல் காலேஜின் ஏற்புதான் படிப்பை உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் கூட்டமைப்பின் தரத்தோடு இணைக்கிறது. பிறகு ஆஸ்திரேலியாவுக்கோ வேறு நாட்டுக்கோ போகும் எண்ணம் இருந்தால் அது கைகொடுக்கும்.

நடுவில் நின்றுவிட்டால் என்ன சான்றிதழ் கிடைக்கும் என்றும் கேட்டுவையுங்கள். சில இடங்களில் ஆய்வேடு எழுதாமல் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோவோடு நிறுத்தினாலும் பதிவு உண்டு. சில இடங்களில் அந்த டிப்ளமோ 'ஹெல்த் ஸ்டடீஸ்' என்று பெயர் மாறிவிடும். அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது.

தகுதி

வழக்கமாகக் கேட்பது 2:1 தரத்தில், அதாவது பிரிட்டன் முறையில் முதல் வகுப்புக்கு அடுத்த தரத்தில், ஒரு பட்டம். சில இடங்களில் அதற்கும் அடுத்ததான 2:2 போதும். இந்திய மதிப்பெண்ணை இந்தத் தரத்துக்கு எப்படி மாற்றுவது என்பதில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் 'சமீபத்தில் படித்ததற்குச் சான்று' கேட்பார்கள். உடற்கூறியலிலோ உளவியலிலோ மதிப்பீட்டோடு கூடிய ஒரு குறும்படிப்பை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்குத் திணற வேண்டாம்.

ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் மொத்தம் 7.0, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையாமல் என்பது பரவலான நிபந்தனை. வெளிநாட்டில் படித்த ஓ.டி.களிடம் ஹெச்சிபிசி கேட்கும் அளவும் இதுவே. எழுத்துப் பிரிவில் 6.0 வாங்கி மற்றதில் எல்லாம் 8 வாங்கியவருக்கும் இடம் கிடையாது. பயிற்சியை எழுத்தில் தொடங்குங்கள்.

விண்ணப்பக் கட்டுரை

சில பல்கலைக்கழகங்கள் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன, மற்றவை நேரடியாக. எந்த வழியானாலும் உங்கள் கட்டுரைதான் சல்லடை. 'மக்களுக்கு உதவ ஆசை' என்ற வரி எல்லோர் கட்டுரையிலும் இருக்கும், யாருக்கும் மதிப்பெண் பெற்றுத் தராது. நிராகரிப்புக்கு முக்கியக் காரணம் வேறு: எழுதியவருக்கு ஓ.டி. என்ன செய்கிறார் என்று தெரியவில்லை என்பது இரண்டாம் பத்தியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இதில் நம் மொழியும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. 'தொழில்வழிச் சிகிச்சை' என்றதும் வேலை வாங்கித் தருவதோ, கைத்தொழில் கற்றுத் தருவதோ என்று தோன்றும். இங்கே 'ஆக்குபேஷன்' என்பது ஒரு மனிதர் தன் நாளை நிரப்பும் காரியங்கள் எல்லாம்: குளிப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, பேரனைப் பள்ளியில் விடுவது, கோலம் போடுவது.

ஒரு காட்சியைப் பாருங்கள். பக்கவாதத்தில் இடது கை பலம் குறைந்த ஒருவர், மருத்துவமனையின் பயிற்சிச் சமையலறையில் தேநீர் போடுகிறார். ஓ.டி. ஓரமாக நின்று பார்க்கிறார். கெட்டிலை விளிம்புவரை நிரப்புகிறாரா? ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ, கெட்டிலின் எடை தனி. இடப்பக்கம் வைத்த கோப்பை கண்ணில் படுகிறதா, அல்லது அந்தப் பக்கமே இல்லாதது போல வலப்பக்கம் மட்டும் தேடுகிறாரா? சுவிட்ச் போடாமலே தண்ணீர் கொதிக்கக் காத்திருக்கிறாரா? கொதிநீரை ஊற்றும்போது இடது கை எங்கே இருக்கிறது? ஒரே தேநீரில் பலம், கவனம், நினைவு, பாதுகாப்பு உணர்வு நான்கும் தெரிந்துவிடும். பிறகுதான் தீர்வு: ஒரு கோப்பை அளவே நிரப்புவது, கெட்டிலைத் தூக்காமல் சாய்க்க உதவும் தாங்கி, கோப்பை நழுவாதிருக்க அடியில் பிடிமான விரிப்பு, இடப்பக்க விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை. கை பலம் பெறுவது பிசியோதெரபிஸ்ட்டுக்கும் ஓ.டி.க்கும் பொதுவான அக்கறைதான். ஆனால் இருக்கும் பலத்தோடு அவர் நாளை வீட்டில் தனியாகத் தேநீர் போட்டுக் குடிக்க முடியுமா என்பது ஓ.டி.யின் கேள்வி.

கட்டுரையிலும் இப்படியே எழுதுங்கள். ஒரு ஓ.டி.யோடு நாலைந்து நாள் இருந்து பார்த்திருந்தால், எத்தனை மணி நேரம் என்று அடுக்காமல் ஒரு சம்பவத்தை எடுத்து, அவர் எதைக் கவனித்தார், எதை மாற்றினார், ஏன் என்று மூன்று நான்கு வரியில் சொல்லுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ வேண்டாம். எழுதினால் ரகசியம் காக்கத் தெரியாதவர் என்று அங்கேயே முத்திரை விழும். ஓ.டி.யைப் பார்க்க வாய்ப்பே இல்லையா? முதியோர் இல்லத்திலோ சிறப்புப் பள்ளியிலோ செய்த பராமரிப்பு வேலையும் செல்லும், மேலே சொன்ன கண்ணோடு எழுதினால்.

நேர்காணல் பல இடங்களில் சிறு சிறு நிறுத்தங்களாக நடக்கும். ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒரு சூழ்நிலை, ஒரு கேள்வி. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் சாசனத்தில் 6 விழுமியங்கள் உண்டு. அவற்றை ஒப்பிப்பது பயன் தராது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி தயாராக இருக்கட்டும்.

காகிதங்கள்

தமிழர்கள் அதிகம் சிக்குவது பெயரில். மதிப்பெண் பட்டியலில் 'கே. பிரியா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, ஐஇஎல்டிஎஸ்ஸில் முன்பின்னாக. சேர்க்கை, விசா, குற்றப் பின்னணிச் சோதனை, கடைசியில் ஹெச்சிபிசி என நான்கு இடத்திலும் இதே கேள்வி திரும்ப வரும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துவிட்டு, தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள்.

மருத்துவச் சோதனையில் ஹெபடைடிஸ் பி, தட்டம்மை–ரூபெல்லா, சின்னம்மை, காசநோய் பற்றிக் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கப்படி 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. இடம் கிடைத்த பிறகு தொடங்கினால் முதல் களப்பயிற்சிக்கு முன் முடியாமல் போகலாம். விண்ணப்பிக்கும்போதே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டிபிஎஸ் எனப்படும் குற்றப் பின்னணிச் சோதனையோடு, நீங்கள் வாழ்ந்த நாட்டின் காவல்துறைச் சான்றும் தேவைப்படும்.

பணம்

இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணத் தகுதி உள்ள மாணவர்களுக்கு என்ஹெச்எஸ் கற்றல் ஆதரவு நிதியிலிருந்து ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் கிடைக்கிறது, திருப்பிக் கட்ட வேண்டாம். களப்பயிற்சிக்குப் போய்வரும் கூடுதல் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம். முதுகலையாக இருந்தும் இந்தப் படிப்புக்கு இளங்கலை மாணவர்களுக்கான கடன் முறையே பொருந்தும். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவருக்கு இதில் எதுவும் கிடையாது. அவருக்குக் கட்டணம் மிக அதிகம், அதற்கு மேல் மாணவர்களுக்கான உடல்நல மிகைவரி ஆண்டுக்கு 776 பவுண்டு. 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலைக்குப் போகிறவர் கணவன், மனைவி, பிள்ளைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்லவும் முடியாது.

'பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாம்' என்ற கணக்கு இங்கே பொய்க்கும். விசா விதி வகுப்புகள் நடக்கும் கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் அனுமதிக்கிறது. களப்பயிற்சி வாரங்களில் 37.5 மணி நேரம் மருத்துவமனையில் போய்விடும், போக்குவரத்து தனி. அந்த மாதங்களை வருமானமே இல்லாத மாதங்களாக வைத்துத் திட்டமிடுங்கள்.

ஆயிரம் மணி நேரம்

வகுப்பறைப் பாடம் கடினம்தான், ஆனால் படித்துத் தேறிவிடலாம். உடற்கூறியல், நரம்பியல், மனநலம், கீல்ஹாஃப்னரின் மனிதச் செயல்பாட்டு மாதிரி, இவாமாவின் காவா மாதிரி போன்ற ஓ.டி. கோட்பாடுகள், ஆய்வு முறை. முதுகலைத் தரம் என்பதால் தேர்ச்சி பொதுவாக 50 விழுக்காடு. ஆட்கள் தடுமாறுவது களப்பயிற்சியில்.

உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்ச அளவு 1,000 மணி நேரம். வாரம் 37.5 என்றால் ஏறத்தாழ 27 வாரம். இதை நான்கு கட்டங்களாகவோ வேறு விதமாகவோ பிரித்திருப்பார்கள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் 22.5 மணி நேரம் போயிற்று. அதை ஈடுசெய்தே தீர வேண்டும். மணிக் கணக்கை அன்றன்றைக்கே எழுதி, வாரம் ஒருமுறை பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் இடம் மாறிப்போன பிறகு பழைய வாரங்களுக்குக் கையெழுத்துத் தேடி அலைவது பெரும் பாடு.

ஒரு களப்பயிற்சியில் தோற்றால் பெரும்பாலான இடங்களில் ஒருமுறைதான் மறுவாய்ப்பு. தோற்பவர்களில் பலர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து 'நன்றாக நடந்தார்' என்று குறிப்பெழுதுவார்கள். எத்தனை அடி தூரம், எதைப் பிடித்து, யார் துணையோடு, எங்கே தடுமாறினார் என்று இருக்காது. அல்லது குளியலறைக்குப் பிடிமானக் கம்பி வேண்டும் என்று சரியாகவே சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் விழிப்பார்கள். பயிற்சியாளர் மதிப்பிடுவது அந்த 'ஏன்' என்பதைத்தான். வாயைத் திறந்து யோசிக்கப் பழகுங்கள். மூத்தவர் முன் அடங்கி நிற்பது மரியாதை என்று வளர்ந்தவருக்கு இது சங்கடமாக இருக்கும், ஆனால் அங்கே மௌனம் அறியாமையாகவே படிக்கப்படும். முதல் வாரமே எழுத்தில் இலக்குகள் கேளுங்கள். பாதிவழி மதிப்பீட்டில் குறை சொன்னால் அன்றே பல்கலைக்கழக ஆசிரியருக்குத் தெரிவியுங்கள். கடைசி வாரத்தில் சொன்னால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

வீடுகளுக்குப் போகும் பணிகளில் கார் ஓட்டத் தெரிவது பெரும் அனுகூலம். இந்திய உரிமத்தில் 12 மாதம் ஓட்டலாம். அதற்குள் பிரிட்டன் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வையாவது முடித்துவிடுங்கள்.

பதிவு

தேர்வு வாரியம் கூடி முடிவு அறிவித்ததும், தேறியவர்கள் பட்டியலைப் பல்கலைக்கழகம் ஹெச்சிபிசிக்கு அனுப்பும். நீங்கள் தனியே இணையத்தில் விண்ணப்பித்து, அடையாளச் சான்றும் நன்னடத்தை, உடல்நல உறுதிமொழியும் கொடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டும். பழைய எச்சரிக்கை, அபராதம் ஏதேனும் இருந்தால் மறைக்காதீர்கள். மறைத்தது தெரியவரும்போது அது நேர்மைப் பிரச்சினையாக மாறிவிடும், மூலக் குற்றத்தைவிடப் பெரிதாக.

பட்டம் கையில் இருந்தாலும் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை நீங்கள் ஓ.டி. அல்ல. 'ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்' சட்டப் பாதுகாப்புள்ள பெயர். பதிவில்லாமல் பயன்படுத்துவது குற்றம். இடைப்பட்ட வாரங்களில் உதவியாளராக வேலை பார்க்கலாம், மார்பு அட்டையிலும் மின்னஞ்சலிலும் அந்தப் பதவிப் பெயரே இருக்க வேண்டும். என்ஹெச்எஸ்ஸில் முதல் பணி பேண்ட் 5 என்ற சம்பளப் படிநிலையில். கடைசிக் களப்பயிற்சியிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பதிவு எண் வந்தால் சேர்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு தருவார்கள்.

பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது 2.5 விழுக்காட்டினரைத் தோராயமாகத் தேர்ந்து, தொடர்கல்விப் பதிவேட்டைக் காட்டச் சொல்வார்கள். பாடத்திட்ட விவரம், மதிப்பெண் பட்டியல், எந்தக் களத்தில் எத்தனை மணி நேரம் என்ற கையெழுத்திட்ட தாள் மூன்றையும் படிப்பு முடிந்த வாரமே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். வேறு நாட்டில் பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.