பிஎச்டி இடம் கிடைக்காத ஆண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். எதிரே வந்த மாணவி ஒருத்தி என்னைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி, செருப்பு விடும் இடத்தில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள். அவளுக்காக ஏழு பல்கலைக்கழகங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியிருந்தேன். ஏழிலும் இல்லை என்று வந்துவிட்டது என்பதை அந்த முதுகே சொல்லிவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் பாதி, 15 ஆண்டுகளுக்கு முன் அதே காரியத்தைச் செய்த என்மேல் மீதி.

கடைசி நாளைத் தவறவிடுவது, நோக்க அறிக்கையில் (ஏன், எதை ஆராய விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்புவது) வேறு பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றாமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றில் ஒருமுறை சூடு பட்டால் போதும். முடிவு வந்த பிறகு செய்கிற தவறுகள்தான் ஆண்டுக்கணக்கில் நீள்கின்றன.

மறுப்புக் கடிதத்துக்கு உரை எழுதுவது

"இவ்வாண்டு தகுதிமிக்க விண்ணப்பங்கள் ஏராளமாக வந்தன" என்ற வரியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவர்களைப் பார்க்கிறேன். இடம் கிடைக்காத அத்தனை பேருக்கும் அதே வரிதான் போகிறது. காரணம் உங்கள் பக்கம் இல்லாமலும் இருக்கலாம். 2025இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி ஆட்டம் கண்டபோது, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி ஏற்கெனவே கொடுத்த பிஎச்டி இடங்களையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஏறத்தாழ 2,000 பேருக்குக் கொடுத்துவந்த ஆய்வு உதவித்தொகையை அந்த ஏப்ரலில் 1,000 பேருக்கு மட்டும் அறிவித்தது. பிறகு ஜூனில் இன்னும் 500 பேரைச் சேர்த்தது. ஏப்ரலில் இல்லாத தகுதி அந்த 500 பேருக்கு ஜூனில் எங்கிருந்து முளைத்தது?

காரணம் எழுதி அனுப்பும் இடங்களும் உண்டு. ஐரோப்பாவின் மரி க்யூரி உதவித்தொகைக்கு (இது பிஎச்டி முடித்தவர்களுக்கானது) விண்ணப்பித்தால், 100க்கு எத்தனை என்ற மதிப்பெண்ணோடு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளும் வரும். 85க்கு மேல் எடுத்தும் பணம் கிடைக்காதவர்களுக்கு ஒரு சான்று தருகிறார்கள். அதை வேறு நிதி அமைப்புகளிடம் காட்டலாம். மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் மறு ஆண்டு அதே நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க முடியாது. இப்படிப்பட்ட அறிக்கையைப் படிக்காமல் மூடி வைப்பதுதான் வேடிக்கை. பொருள் இல்லாத கடிதத்தை நூறு முறை படிப்பவர்களே இதை ஒருமுறைகூடத் திறப்பதில்லை.

பதில் எழுதி வாதாடுவது

வேண்டாம்.

பரிந்துரைத்தவரிடம் மறைப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்.

2010 டிசம்பரில், முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, ஒன்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். கட்டணமெல்லாம் அண்ணனின் கடன் அட்டையில் போனது. மார்ச் முடிவதற்குள் ஒன்பதும் இல்லை என்றாகிவிட்டது. எனக்குக் கடிதம் எழுதிக்கொடுத்த பேராசிரியரின் அறை, துறையின் முதல் மாடியில் படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்தது. கதவு எப்போதும் திறந்திருக்கும். அதனால் கட்டடத்தைச் சுற்றிப் போய், அமிலப் புட்டிகள் அடுக்கிய கிடங்கை ஒட்டிய துருப்பிடித்த இரும்புப் படியில் ஏறி ஆய்வகத்துக்குப் போவேன். இரண்டு மாதம் இந்தச் சாகசம் நடந்தது. அவருக்கு முகம் கொடுக்க வெட்கம், அவ்வளவுதான்.

மறு நவம்பர் 26ஆம் தேதி அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: "சார், சென்ற ஆண்டு போலவே கடிதம் வேண்டும்." முதல் கெடு டிசம்பர் 1. அவர் தேதியை மட்டும் மாற்றி அதே கடிதத்தை அனுப்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது. சென்ற ஆண்டு என்ன ஆயிற்று என்று அவரிடம் யார் சொன்னார்கள்? அந்த முறை ஆறு இடங்கள். ஆறும் இல்லை.

2012 மே மாதம் ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போயே தீரவேண்டியிருந்தது. "என்னம்மா, எந்த நாட்டுக்குக் கிளம்புகிறாய்?" என்று சிரித்தபடி கேட்டார். சொன்னேன். இரண்டு ஆண்டுக் கணக்கையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நீ என்ன எழுதி அனுப்பினாய், அதைக் காட்டு" என்றார். அவருடைய கணினியிலேயே திறந்து காட்டினேன். திரையில் விரலை வைத்து வரிவரியாகப் படித்தவர், முதல் பக்கத்தின் பாதியில் நின்றார்.

"கணக்கீட்டு வேதியியலா? எப்போதிலிருந்து?"

தான் எழுதிய கடிதத்தை அவர் காட்டவில்லை, அதன் சாரத்தைச் சொன்னார். காற்றுப் படாமல் செய்யவேண்டிய வினைகளை இவளிடம் நம்பி ஒப்படைக்கலாம், குடுவையை விட்டு நகரமாட்டாள், இவள் கை ஆய்வகத்துக்கென்றே அமைந்த கை என்றெல்லாம் மனமார எழுதியிருக்கிறார். நானோ, மூலக்கூறுகளைக் கணினியில் கணக்கிடுவதைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் படித்த குழுக்கள் என்ன நினைத்திருக்கும்? இரண்டிலும் பொய் இல்லை, ஆனால் இரண்டும் வேறு வேறு ஆட்களைப் பற்றியவை. மூலக்கூறுகளின் எலக்ட்ரான் ஆற்றலைக் கண்டறியும் ஹூக்கல் முறைக் கணக்குகளுக்கு நான் எழுதிய சிறு நிரலை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் பாராட்டியவர் அவர்தான். கடிதம் எழுதும்போது அது அவர் நினைவுக்கு வரவில்லை. நினைவூட்டுவது என் வேலை.

அதோடு முடியவில்லை. "போன ஜூனில் என் நண்பர் தன் திட்டத்துக்குக் கணக்கீடு தெரிந்த ஆள் கேட்டார். நீ வெளிநாடு போயிருப்பாய் என்று நினைத்து வேறொரு பையனைச் சொன்னேன்" என்றார். அந்த ஜூனில் நான் வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் முறை நான்கே இடங்கள். அவரோடு உட்கார்ந்து பேசிய பிறகு அனுப்பினேன். ஒன்றில் கிடைத்தது. கடிதத்தால்தான் கிடைத்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இரண்டு ஆண்டுகளை இரும்புப் படியில் தொலைத்தேன் என்று சத்தியம் செய்வேன்.

ஆகவே முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள்: "எங்கும் கிடைக்கவில்லை. எழுதிக்கொடுத்ததற்கு நன்றி. அரை மணி நேரம் பேசலாமா?" போகும்போது நோக்க அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். கடிதத்தைக் காட்டச் சொல்லாதீர்கள், "எதை அழுத்திச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், வேறொருவரைத் தேடவேண்டும் என்று பொருள். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான்.

நூலகத்தில் குனிந்தவள் இன்னும் வரவில்லை. நானே நேற்று ஒரு வரி அனுப்பியிருக்கிறேன்.

எண்ணிக்கையைக் கூட்டுவது

பொருந்தாத ஒன்பது விண்ணப்பங்களைப் பதினெட்டாக்கினால் கட்டணம்தான் இரட்டிக்கும்.

காத்திருப்போர் பட்டியலுக்குத் துக்கம் கொண்டாடுவது

உதவித்தொகையோடு இடம் கொடுத்தவர்களுக்கு முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கையில் நான்கு இடம் வைத்திருப்பவர் மூன்றை விடுவது பெரும்பாலும் அந்தக் கடைசி நாட்களில்தான். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் ஒரே ஒரு மின்னஞ்சல் போடலாம்: இன்னும் விருப்பம் இருக்கிறது, இடையில் இன்ன கட்டுரை வந்திருக்கிறது, இன்ன மதிப்பெண் வந்திருக்கிறது. வாரம் ஒருமுறை நச்சரிக்க வேண்டாம்.

ஜேஆர்எஃப் வரும்வரை எதிலும் சேராமல் இருப்பது

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் முன்னணியில் வருபவர்களுக்குக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகைதான் ஜேஆர்எஃப். மாதம் 37,000 ரூபாய் யாருக்கும் கசக்காது. ஆனால் 2024 ஜூன் தேர்விலிருந்து, ஜேஆர்எஃப் கிடைக்காதவர்களின் நெட் மதிப்பெண்ணும் பிஎச்டி சேர்க்கைக்குப் பயன்படுகிறது: அதற்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30. அந்த மதிப்பெண்ணின் ஆயுள் ஓராண்டுதான். பொறியியல், அறிவியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண்போல மூன்றாண்டு தாங்காது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி "வந்தால் ஜேஆர்எஃப்போடுதான்" என்று வீட்டிலிருந்தே படித்தார். மறு ஆண்டு ஜேஆர்எஃப்பும் வரவில்லை, பழைய மதிப்பெண்ணும் காலாவதியாகிவிட்டது. சேர்ந்துகொண்டு மறுபடி எழுதுபவர்கள் எத்தனையோ பேர்.

தோல்விப் பட்டியலை ஊருக்குக் காட்டுவது

கிடைக்காதவற்றையும் பட்டியலிட்டு வைக்கலாம் என்று 2010இல் நேச்சர் இதழில் எழுதியவர் மெலனி ஸ்டெஃபான். 2016இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் யொஹானெஸ் ஹௌஸ்ஹோஃபர் தன் பட்டியலை வெளியிட்டார். தன் ஆராய்ச்சி முழுவதையும்விட அந்தப் பட்டியலே அதிகம் பேசப்பட்டதாக அவரே அலுத்துக்கொண்டார். நல்ல யோசனைதான். ஆனால் உள்ளே நுழைந்துவிட்டவர்கள் காட்டுவது தழும்பு. உங்களுடையது இன்னும் புண். இப்போதைக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

உறவினர்களுக்கு விளக்கம் சொல்வது

"அடுத்த ஆண்டு" என்று சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேளுங்கள்.