மாநகராட்சி ஐ.டி. ஹெல்ப்டெஸ்க்: ஆட்டோமேஷன் சறுக்கும் இடங்கள்

தனியார் கம்பெனிக்கென்று செய்த டிக்கெட் மென்பொருளை (ஊழியர்களின் ஐ.டி. புகார்களை ஒவ்வொரு ‘டிக்கெட்’டாகப் பதிவது) அப்படியே ஒரு மாநகராட்சியில் இறக்கினால் முதல் மாதமே உதைக்கும். கம்பெனியில் ஆளுக்கு ஒரு லாகின். இங்கே லாகின் நாற்காலிக்கு. ஆள் மாறிக்கொண்டே இருப்பார்.

அதிகம் அடிபடுவது இடமாறுதலில்தான். மாறுதல் ஆணை வந்த உடனே பழைய லாகினை முடக்கிப் புதியதைத் திறக்கும்படி ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதிவிடுகிறார்கள். ஆணை தேதி, விடுவிப்பு தேதி, பொறுப்பேற்ற தேதி மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். இடைப்பட்ட நாட்களில் பக்கத்து மண்டல அலுவலர் கூடுதல் பொறுப்பு பார்ப்பார். ‘ஒருவருக்கு ஒரு பதவி’ என்று அமைத்த ஸ்கிரிப்ட், கூடுதல் பொறுப்பைப் பதிந்ததும் அவருடைய சொந்த மண்டல உரிமையைப் பிடுங்கிவிடும். கோப்பு நகராது, காரணம் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. உரிமைகளைப் பதவிக் குறியீட்டில் வையுங்கள். அதில் ஆட்களைத் தொடக்க, முடிவுத் தேதியோடு இணையுங்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று பதவிகள் இருக்கலாம். கூடுதல் பொறுப்புக்கு முடிவுத் தேதி இல்லாமல் பதிவு ஏற்கக் கூடாது. முடிய 7 நாள் இருக்கும்போது நீட்டிப்பு வேண்டுமா என்று கேட்டால் போதும்.

ஓய்வு பெறுவதிலும் ஒரு பொறி. தமிழ்நாட்டில் ஓய்வு என்பது மாதக் கடைசி நாள் பிற்பகல். முடிவுத் தேதி 31 என்று இருக்க, ஸ்கிரிப்ட் 31ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கே ஓடினால், அன்று காலை அவர் உள்ளே நுழையவே முடியாது. கடைசி நாள் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்புகளின் கதி உங்களுக்கே தெரியும். அன்று இரவு ஓடும்படி வையுங்கள். டி.எஸ்.சி. டோக்கனை (டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் இருக்கும் யு.எஸ்.பி. சாதனம்) புதியவரிடம் கைமாற்றும் பழக்கம் வேண்டாம். சான்றிதழ் தனிநபர் பெயரில் இருப்பது. பழையதை மென்பொருளிலிருந்து நீக்கி, புதியவருடையதை இணைக்க வேண்டும். இது மனிதக் கை பட வேண்டிய வேலை. டிக்கெட்டைத் தானாகத் திறப்பதோடு ஆட்டோமேஷன் நிற்கட்டும்.

பாஸ்வேர்ட் ரீசெட்டைத் தானியக்கமாக்குவது நல்ல தொடக்கம்தான். ஆனால் ரீசெட் லிங்கை அதே அலுவலக மெயிலுக்கு அனுப்பினால், பூட்டின வீட்டுக்குள் சாவி. ஓ.டி.பி. என்றால் முதலில் மொபைல் எண்களைச் சரிபாருங்கள். பலருடையது பழைய எண்ணாக இருக்கும். எண்ணை மாற்றும் கோரிக்கையைப் போன் பேச்சை நம்பி ஏற்காமல், மேலதிகாரியின் ஒப்புதல் கேளுங்கள். ஏமாற்றி நுழைபவன் தட்டும் கதவு அதுதான்.

முன்னுரிமையைப் பதவியை வைத்துக் கணக்கிடுவது இன்னொரு தவறு. ஆணையர் அறை பிரிண்டர் ‘அவசரம்’, வசூல் கவுண்டர் ‘சாதாரணம்’ என்று போய்விடும். ஏப்ரல் 30க்குள் சொத்துவரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அந்தக் கடைசி நாளில் ஒரு கவுண்டர் நின்றால் வரிசை வாசலைத் தாண்டும். இடத்தையும் சேவையையும் வைத்து முன்னுரிமை கொடுங்கள். ஏப்ரலிலும், அடுத்த அரையாண்டு வரி வரும் அக்டோபரிலும் கடைசி வாரத்தில் மென்பொருளில் எந்த மாற்றமும் செய்யாதீர்கள்.

மண்டல அலுவலகத்தில் கரண்ட் போனால் 40 கணினிக்கு 40 டிக்கெட் தானாக முளைப்பதையும் பார்க்கலாம். ரவுட்டர் விழுந்தால் ஒரே டிக்கெட், மற்றவை அதற்குள் அடங்கணும். ஜெனரேட்டர் எடுக்க 5 நிமிடம் விட்டு எச்சரிக்கை வரட்டும்.

சாட்பாட் வைப்பவர்கள் கையேட்டு மொழியில் பழக்குகிறார்கள். ஊழியர் எழுதுவது ‘நெட் வரல’, ‘சர்வர் போச்சு’. ‘சர்வர் போச்சு’ என்றால் கேபிள் கழன்றதாகவும் இருக்கலாம். கடந்த 3 மாத டிக்கெட்டில் 300-ஐ எடுத்துக் கையால் பிரித்துப் பாருங்கள். வகைகள் 20-ஐத் தாண்ட வேண்டாம். ‘மற்றவை’ பெருத்தால் பிரிப்பு தவறு.

தீர்த்த டிக்கெட்டை 24 மணி நேரத்தில் தானாக மூடுவது வேண்டாம். வெள்ளி மாலை தீர்த்த டிக்கெட் சனிக்கிழமையே மூடிவிடும். 3 வேலை நாள் கொடுங்கள். மறுபடி திறந்தால் பழைய எண்ணும் நேரமும் தொடர வேண்டும்.

ஸ்கிரிப்டுகள் ஒப்பந்த ஊழியரின் சொந்த அட்மின் கணக்கில் ஓடக் கூடாது. ஒப்பந்தம் முடிந்து கணக்கை முடக்கிய அன்றே எல்லாம் நிற்கும். எந்த ஆளின் பெயரிலும் இல்லாத தனி சர்வீஸ் கணக்கு, தேவையான உரிமை மட்டும், லாக் (என்ன நடந்தது என்ற பதிவு) 180 நாள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் கேட்டதும் அந்த 180 நாள்தான்.