கிரவுன் பினியன் மாற்றும் முன் பல்லை எண்ணுங்கள்

நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்குப் பழைய ஆக்சில் (பின்சக்கர அச்சு) வாங்கிப் போடுவது சாதாரணம். விலை பேசும்போதே ரேஷியோவையும் பாருங்கள். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றிவிடும் சின்னது பினியன்; கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. கிரவுனில் 41 பல், பினியனில் 7 என்றால் 5.86, பினியனில் 6 என்றால் 6.83. முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏற 6.83 சுகம்தான். ஆனால் சேலம்–கோவை நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு வேண்டாம். இன்ஜின் கத்தும், டீசலும் கூடும்.

பிரிக்காமலும் கண்டுபிடிக்கலாம். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கி, அந்தச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால், இந்த இரண்டு சுற்றுக்குக் கிரவுன் ஒரு சுற்றுதான் சுற்றும். புரொபெல்லர் ஷாஃப்டில் (கியர்பாக்ஸிலிருந்து பினியனுக்கு வரும் தண்டு) போட்ட சாக்பீஸ் கோடு ஆறு சுற்றுக்குச் சற்று முன்னால் நின்றால் 5.86.

அப்புறம், பினியனை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். கிரவுன், பினியன் ஜோடி கலைந்தால் ஊளைச் சத்தம்தான்.